ஒய்பியின் சம்பளத்துக்கு நாம் ஓட்டுப் போட்டால்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கு, அதாவது நாம் மலேசியாவில் ஒய்பி என்று சொல்கிறவருக்கு, சம்பளம் ஏற்றலாமா, வேண்டாமா என்பதை மக்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே ஏற்றிக்கொள்ள முடியாது. சம்பளத்துக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அது ஒரு தொகையைப் பரிந்துரை செய்யும். அந்தத் தொகை நவம்பர் மாத ஓட்டுச் சீட்டில் ஒரு கேள்வியாக வரும். சரி என்பவர்கள் அதிகமானால் சம்பளம் ஏறும், இல்லையென்றால் பழைய சம்பளம்தான்.

எனக்கு இதைச் சொன்னவன் என் மருமகன், தங்கை மகன். கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் என் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை. கூலிம் ஹைடெக் பூங்காவில் எஞ்சினியராக இருந்தவனைக் கம்பெனி அரிசோனாவில் உள்ள சாண்ட்லர் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. 2014 தேர்தலுக்கு முன் அவன் குடியிருந்த வீட்டுக்காரருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கையேடு தபாலில் வந்தது. ஓட்டுச் சீட்டில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம், ஆதரவு வாதம், எதிர் வாதம் என்று எல்லாம் அதில் இருந்தது. சம்பளக் கேள்வி உள்ள பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். "மாமா, சம்பளக் கணக்கு. உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு வரி.

பிடிக்காமல் இருக்குமா? வேலை பார்த்த காலம் முழுக்கத் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து செக்ரோல் என்கிற வருகை, சம்பளப் பதிவேடு எழுதியவன் நான். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை கிலோ ரப்பர் பால் கொண்டுவந்தார், பிறகு செம்பனை வந்ததும் யார் எத்தனை குலை வெட்டினார் என்று எழுதி, மாதக் கடைசியில் கூட்டிப் போட்டுச் சம்பளம் கொடுத்தவன். அடுத்தவர் சம்பளம் எப்படி முடிவாகிறது என்பதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான். ஆம் என்று போட்டால் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 24,000 டாலரிலிருந்து 35,000 டாலர் ஆகும். இல்லை என்று போட்டால் 24,000-ஆகவே இருக்கும். 24,000 என்பது 1998-இல் மக்கள் சரி சொல்லி ஏறிய தொகை, அதற்கு முன் 15,000. அதன் பிறகு 2006-இல் 36,000 ஆக்கலாமா என்று கேட்டார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். 2008-இல் சரி, 30,000 என்று குறைத்துக் கேட்டார்கள், அதுவும் வேண்டாம். 2014-இலும் அதே பதில்தான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் இல்லை என்று போட்டுவிட்டார்கள்.

இதில் 2006 தேர்தல்தான் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. அதே ஓட்டுச் சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது: தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 6.75 டாலர் ஆக்கி, அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஏற்றலாமா? அதற்கு மக்கள் ஆம் என்றார்கள். ஒரே கை, ஒரே பேனா. தொழிலாளிக்கு ஏற்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஏற்றாதே. தோட்டத்தில் பிறந்த எனக்கு அதைப் படித்தபோது மனசுக்குள் கை தட்டத் தோன்றியது.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-இல் அரிசோனாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.70 டாலர். வாரம் 40 மணி நேரம், 52 வாரம் வேலை செய்கிறவருக்கு 30,576 டாலர் வருகிறது. அதாவது ஹாம்பர்கர் கடையில் முழு நேரம் நிற்கிற பையனின் கூலி, மாநிலத்துக்குச் சட்டம் போடுகிறவரின் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. தொழிலாளி கூலி ஏறியதில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் 24,000 டாலரை வாங்கிக்கொண்டு யாரால் சட்டமன்றத்தில் உட்கார முடியும்? சொந்தத் தொழில் உள்ளவர், பென்ஷன் வாங்குகிறவர், கணவனோ மனைவியோ நன்றாகச் சம்பாதிக்கிறவர். அந்த ஹாம்பர்கர் கடைப் பையனால் முடியாது.

இன்னும் சில மாநிலங்களில் இதைவிட மோசம். நெப்ராஸ்காவில் 1988 முதல் ஆண்டுக்கு 12,000 டாலர். 2006-இலும் 2012-இலும் ஏற்றலாமா என்று கேட்டு, இரண்டு முறையும் மக்கள் மறுத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து 200 டாலர். அது 1889-இல் அரசியல் சாசனத்தில் எழுதி வைத்த தொகை. கீழவையில் மட்டும் 400 பேர் அந்தச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அது சம்பளமே இல்லை, வெற்றிலை பாக்குக் காசு.

இங்கே மலேசியாவில் என்ன நடக்கிறது? நேர் எதிர். நாடாளுமன்ற உறுப்பினரின் சம்பளத்தை நாடாளுமன்றமே சட்டம் போட்டு வைக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 64-ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலத்திலும் அப்படியே, சட்டமன்றம்தான் முடிவு செய்கிறது. சிலாங்கூரில் 2013 நவம்பரில் சட்டமன்ற உறுப்பினருக்கு மாதம் 6,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 11,250 வெள்ளி ஆக்கினார்கள். மாநில முதலமைச்சரான மந்திரி பெசாருக்கு 14 ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 29,250. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 2015 ஜனவரி முதல் 6,508 வெள்ளி 59 காசிலிருந்து 16,000. சிலாங்கூரில் ஆட்சியில் இருந்தது பக்காத்தான் கூட்டணி, மத்தியில் கோலாலம்பூரில் இருந்தது பாரிசான் கூட்டணி. ஏற்றிக்கொள்வதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதே 2013-இல்தான் நம் நாட்டில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. தோட்டத்தில் அது எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் எத்தனை வருஷம் மாதச் சம்பளம் கேட்டார்கள்! ரப்பர் விலை விழுந்தால் கூலியும் விழும். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலி இல்லை. தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் மேசையில் உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் போடும், அது படிவமாக எங்கள் ஆபீஸுக்கு வரும், நான் கணக்கில் ஏற்றுவேன். சில முறை ஏறின தொகை காசுக் கணக்கில்தான் இருக்கும். அந்தத் தாளை வாசித்துக் காட்டும்போது பெரட்டுக் களத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஒரு அம்மா மட்டும், பால் வாளியை இடுப்பில் வைத்தபடி, "கிராணி, இதுக்கு அரிசி வருமா, இல்ல உப்பு மட்டுந்தானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் அந்தத் தாளில் இல்லை.

ஆகவே ஒய்பிமார் தங்கள் சம்பளத்தை ஒரே கூட்டத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்வதைப் பார்த்து நம் ஆட்களுக்கு வயிறு எரிகிறது என்றால் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த எரிச்சலை அப்படியே ஓட்டுச் சீட்டில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனா இருக்கிறது.

ஒய்பி என்ன வேலை செய்கிறார் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு நான் பக்கத்துத் தொகுதி ஒய்பி ஒருவரின் சேவை மையத்துக்குப் போய் மலாய்க் கடிதம் எழுதிக் கொடுத்து வந்தேன். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். சனிக்கிழமை காலை கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் செருப்பு நிறைந்துவிடும். குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு ஐசியை (அடையாள அட்டை) பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருக்கும் ஒரு பாட்டி. பிறந்தது இங்கே, பேரன் பேத்தி எடுத்ததும் இங்கே, குடிமக்களுக்கு உரிய நீல ஐசி மட்டும் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாத ஒரு தகப்பன். சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. நடுவில் ஒருவர் வந்து நின்றார். அண்ணன் இறந்துவிட்டார், பெட்டி வாங்கக் காசு இல்லை என்றார். ஒய்பி சட்டைப் பையில் கையை விட்டார், இருந்த ஐம்பது வெள்ளி நோட்டுகளை எண்ணாமல் எடுத்துக் கொடுத்தார், பிறகு உதவியாளரைப் பார்த்து, "சாயங்காலம் நம்ம கோயில் கூட்டத்துக்கு என்ன கொடுக்கறது?" என்று கேட்டார்.

சாக்கடையும் தெருவிளக்கும் சட்டமன்ற உறுப்பினரின் வேலை கிடையாது. அது நகராண்மைக் கழக உறுப்பினரின் வேலை. ஆனால் உள்ளாட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தி வைத்தார்கள், 1976 சட்டத்தோடு அது அடியோடு போய்விட்டது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற ஆள் என்று அருகில் இருப்பது சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்தான். அதனால் பிறப்பிலிருந்து சாவு வரை எல்லாவற்றுக்கும் அவர் வாசலில்தான் நிற்கிறோம். ஆளுங்கட்சியாக இருந்தால் தொகுதி மானியம் இருக்கும், சமாளிக்கலாம். எதிர்க்கட்சி ஒய்பிக்கு அந்த மானியம் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். அவர் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டும்.

சம்பளம் போதாத இடத்தில் கிம்பளம் நுழையும். இதை நான் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன், விவரம் வேண்டாம். குத்தகைக்காரர் (கான்ட்ராக்டர்) காசு, மணல் லாரிக்காரர் காசு, நிலம் வாங்கி விற்பவர் காசு, எல்லாம் ஒய்பியின் வாசலைத் தேடித்தான் வரும். அரிசோனாவில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே வேறு மாதிரி ஆனது. சம்பளத்தைத் தொட முடியாததால் 2021-இல் தினப்படியை உயர்த்தினார்கள். தலைநகர் ஃபீனிக்ஸ் இருக்கிற மரிக்கோபா வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருகிற உறுப்பினர்களுக்கு அது பலமடங்கு ஏறியது. தூரத்திலிருந்து வருபவருக்கு ஓட்டல் செலவு உண்டு, நியாயம்தான். ஆனால் தினப்படிக்கு மக்கள் ஓட்டுத் தேவையில்லை. சம்பளத்துக்கு மட்டும் கேள்வி கேட்டால் பணம் வேறு வழியில் போகும்.

நான் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஒரு பெண் இருக்கிறார். விக்டோரியா தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகள், கணக்காளர், வயது முப்பதுக்குள். மலாயும் தமிழும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. தாமான் மக்களுக்காகத் தண்ணீர்ப் பிரச்சினையில் அதிகாரிகளோடு அவர் பேசியதைக் கேட்டிருந்தால் இவர்தான் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்று நீங்களும் சொல்வீர்கள். ஒரு கட்சி அவரை நிற்கச் சொல்லிக் கேட்டது. வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கணக்கை விரித்துக் காட்டினார்: கல்விக் கடன், வீட்டுக் கடன், அப்பாவின் டயாலிசிஸ். "மாமா, அஞ்சு வருஷம் இந்த வேலையை விட்டுட்டுப் போனா, தோத்து வந்த பிறகு யார் எனக்கு வேலை தருவா? தேர்தல் செலவுக்கு வேற காசு வேணும்." கட்சி வேறு ஆளை நிறுத்தியது. அவர் குத்தகைக்காரர்.

அதனால்தான் சொல்கிறேன், ஒய்பிக்கு நல்ல சம்பளம் வேண்டும். நம் பிள்ளை நிற்க வேண்டும் என்றால் வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யக் கூடாது. நாம் முடிவு செய்ய வேண்டும். அதற்கு எனக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு.

சம்பளத்தை வெள்ளிக் கணக்கில் கேட்காதீர்கள். குறைந்தபட்சச் சம்பளத்தின் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். 2014-இல் சிலாங்கூர் உறுப்பினரின் 11,250 வெள்ளி என்பது அன்றைய 900 வெள்ளியின் பன்னிரண்டரை மடங்கு. இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அதே 11,250 இன்றைக்கு வைத்துப் பார்த்தால் ஆறரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆறு மடங்கு என்று மக்கள் ஓட்டுப் போட்டு வைத்தால் 10,200 வெள்ளி. ஒழுங்காக வாழலாம், கடன் கட்டலாம், சாவு வீட்டுக்கும் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் தோட்டத்தில் குலை வெட்டுகிறவரின் சம்பளத்தை ஏற்றட்டும், அவருடையதும் கூடவே ஏறும். குறைந்தபட்சச் சம்பளத்தை வைப்பது மத்திய அரசாங்கம், மாநில ஒய்பி என்ன செய்வார் என்று கேட்கலாம். கேட்கட்டும், குரல் கொடுக்கட்டும். தன் சம்பளம் அதில் கட்டியிருந்தால் குரல் பெரிதாகவே வரும்.

படி என்ற பெயரில் வருவதையெல்லாம் அந்த மடங்குக்குள்ளேயே அடக்க வேண்டும். பயணப்படி, கூட்டப்படி, போன்படி என்று தனித்தனியாகப் போனால் அரிசோனா கதைதான்.

ஏற்றம் எதுவாக இருந்தாலும் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அமலுக்கு வர வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இந்த விதி உண்டு, அது வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1789-இல் முன்மொழிந்த திருத்தம், போதுமான மாநிலங்கள் ஒப்புதல் கொடுக்காததால் அப்படியே கிடந்தது. 1982-இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்கு சி கிரேடுதான் கிடைத்தது. அவர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992-இல் திருத்தம் நிறைவேறிவிட்டது. கடிதத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

நம் நாட்டில் இப்படி மக்களிடம் ஓட்டுக் கேட்கும் வழக்கம் இல்லை, தெரியும். ஆனால் செய்ய முடியாதது இல்லை. 2023 ஆகஸ்ட் 12-இல் கெடா உட்பட ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் மட்டும் தனியாக நடந்தது. எங்கள் கையில் கொடுத்தது ஒரே ஒரு சீட்டு. இன்னொரு சீட்டு கொடுத்திருந்தால் வரிசையில் ஒருவருக்குக் கூடுதலாக அரை நிமிஷம் ஆகியிருக்கும். கெடாவில் 36 உறுப்பினர்கள். அந்த 36 பேரின் சம்பளத்துக்கு ஒரு கேள்வி, இரண்டு கட்டம். இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு ஓட்டின் மதிப்பு தெரியாமல் இல்லை. 2000 நவம்பரில் பக்கத்து லூனாஸ் இடைத்தேர்தலில் 530 ஓட்டு வித்தியாசம், கெடா சட்டமன்றத்தில் பாரிசானின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையையே எடுத்துவிட்டது.

சரி, இதையெல்லாம் கடிதமாக எழுதினேன், மலாயில், இரண்டு பக்கம். ஒய்பிக்கு ஒன்று, மந்திரி பெசார் ஆபீஸுக்கு ஒன்று. தாமானில் கையெழுத்து வாங்கப் போனபோது எங்கள் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த முன்னாள் தண்டல் (மேற்பார்வையாளர்) வீட்டுக்குத்தான் முதலில் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "கிராணி, அவங்களுக்கு ஆறு மடங்கா? நான் போட மாட்டேன்."

"இப்ப அதைவிட அதிகமா வாங்கற மாநிலம் இருக்கு தண்டல். நாம கேக்கறது குறைக்கறதுக்கும்தான்."

"அது இருக்கட்டும். நம்மாளு ஒரு நாள் வரலைன்னா நீங்க செக்ரோல்ல கோடு போட்டீங்க இல்ல? அவங்களுக்கு யார் கோடு போடறா?"

அதற்கு நான் என்ன சொல்ல? அவர் கேட்டது சரியான கேள்வி. சட்டமன்றம் வருஷத்தில் கூடுவதே கொஞ்ச நாள். அந்த நாளில் யார் வந்தார், யார் வாயைத் திறந்தார், யார் கேள்வி கேட்டார் என்று தொகுதி மக்கள் கையில் ஒரு தாளாக வந்து சேர்வதில்லை. நான் எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது, அதுவும் கடைசியில்.

தண்டல் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வருகைப் பதிவை மாதாமாதம் சேவை மையத்தின் வாசலில் ஒட்ட வேண்டும் என்று மட்டும் தனியாக ஒரு தாள் எழுதிக் கொண்டுவந்தால், தான் போடுவதோடு தெருவில் உள்ள மற்றவர்களிடமும் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தத் தாளை இன்றைக்கு ராத்திரி தட்டச்சு செய்கிறேன். நாளைக்குக் காலையில் ஜெராக்ஸ் எடுத்து அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, ஆறு மடங்குக் கடிதத்தோடு அடுத்த தெருவுக்குப் போகிறேன்.